பர்லெஸ்க் வகுப்புக்கு முதல் ஜோடி ஷூ

மைசூரில் ஆட்டம் என்றாலே வெறுங்கால்தான். அரண்மனையில் ஆடிய ஜட்டி தாயம்மா, அவரிடம் பயின்று 1992இல் பத்மபூஷண் பெற்ற கே. வெங்கடலட்சம்மா ஆகியோர் வழிவந்த மரபில் பாதம் முழுவதும் தரையில் பதியும்; உடல் எடையை உள்ளங்கால் முழுவதும் தாங்கும். அப்படிப் பழகிய ஒருவர் அங்கிருந்து கிளம்பி, பெங்களூரு போன்ற நகரத்தில் ஹீல்ஸ் வகுப்பிலோ பர்லெஸ்க் பயிலரங்கிலோ சேர்ந்தால், முதல் நாளே தடுமாறுவது கணுக்கால். ஹீல் உயர உயர எடை முன்பாதத்துக்குப் போய்விடுகிறது. எந்த ஷூ வாங்குவது என்ற கேள்விக்கு அழகைவிட இந்த எடை மாற்றமே முதலில் பதில் சொல்ல வேண்டும்.

பர்லெஸ்க் மேடை நையாண்டியாகப் பிறந்தது. 1868இல் லிடியா தாம்சன் தன் குழுவோடு இங்கிலாந்திலிருந்து நியூயார்க் போய் அதை அமெரிக்காவில் பரபரப்பாக்கினார். கிண்டலும் சிங்காரமும் கலந்த அந்தக் கலைக்கு நம் நாட்டில் நெருங்கிய சொந்தம் கேபரே. கல்கத்தாவின் ஃபிர்போஸில் ஆடி, பிறகு சத்யஜித் ராயின் ‘பிரதித்வந்தி’, ‘சீமாபத்தா’ படங்களில் தோன்றிய மிஸ் ஷெஃபாலி, ‘ஹவுரா பிரிட்ஜ்’ (1958) மூலம் நாடறிந்த ஹெலன், தமிழில் ஜோதிலட்சுமி என்று பெரிய வரிசையே உண்டு. இவர்களுடைய ஆட்டத்தில் காலின் வேகத்துக்கு இணையாக நடையும் நிறுத்தமும் பேசும். பர்லெஸ்க்கில் புதிதாகச் சேர்பவர்களுக்கும் அவைதான் பாடம்: ஒயிலாக நடப்பது, இடுப்பசைவு, நாற்காலியைச் சுற்றி வருவது, கையுறையை நிதானமாகக் கழற்றுவது. இதற்கு ஓட்டப் பயிற்சிக்கான ஸ்போர்ட்ஸ் ஷூ உதவாது. அதன் ரப்பர் அடிப்பாகம் தரையைக் கவ்விக்கொள்ளும். உடல் திரும்பும்போது பாதம் திரும்பாமல் நின்றால், அந்த முறுக்கு முழங்காலுக்குப் போகும்.

ஹீலே போட்டுப் பழகாதவருக்கு ஜாஸ் ஷூ நல்ல தொடக்கம். மெல்லிய தோல், தாழ்ந்த ஹீல், வளைந்து கொடுக்கும் அடிப்பாகம். முன்பாதத்தில் எடையை ஏற்றி நடக்க இதில் பயமின்றிப் பழகலாம். ஆனால் பர்லெஸ்க்குக்கு உரிய நிமிர்வும் இடுப்பின் சாய்வும் இதில் முழுதாக வராது. சில வாரங்களில் அடுத்த ஜோடி தேவைப்படும். கையில் காசு குறைவென்றால் இந்தக் கட்டத்தை வெறுங்காலோடு, குதிகாலைத் தூக்கி நடந்தே கடந்துவிடலாம்.

உண்மையான போட்டி கேரக்டர் ஷூவுக்கும் லத்தீன் நடனச் செருப்புக்கும் இடையில்தான். கேரக்டர் ஷூ இசை நாடக மேடைகளில் பரவலாகப் பயன்படுவது. முன்பக்கம் மூடியிருக்கும், மேற்பாதத்தின் குறுக்கே வார் ஓடும், ஹீல் தடிமனாக, பெரும்பாலும் ஒன்றரை முதல் மூன்று அங்குல உயரத்தில் இருக்கும். 1887இல் நியூயார்க்கில் சல்வதோரே கப்பேசியோ தொடங்கிய கடையிலிருந்து வளர்ந்த கப்பேசியோ போன்ற நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. விரல்கள் நாற்காலிக் காலில் இடித்தாலும் வலிக்காது. லத்தீன் செருப்பில் விரல்கள் வெளியே தெரியும், கணுக்காலைச் சுற்றி வார் வரும், அடியில் சூயேட் தோல் இருக்கும். சுழல்வதற்கு இதுதான் சுகம். காலின் நீளமும் இதில் எடுப்பாகத் தெரியும். சால்சா கற்றவர்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு ஜோடி இருக்கும். அதையே போடலாம், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

புதிதாக வாங்குபவர் கேரக்டர் ஷூவையே எடுப்பது நல்லது, இரண்டு அங்குல ஹீலோடு. ஒரு காரணம் தரை. சூயேட் அடிப்பாகம் மரத்தளத்துக்கு ஏற்றது. ஈரம் பட்டால் கெட்டுவிடும், மழைக்காலத்தில் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்க முடியாது. நம் வீடுகளில் இருப்பதோ டைல்ஸ், கிரானைட் அல்லது பழைய ரெட் ஆக்சைடு தரை. பளபளப்பான டைல்ஸில் சூயேட் சறுக்கும். வீட்டில் பயிற்சி செய்யாமல் வகுப்பு மட்டும் போதாது என்பதால், வகுப்பின் தரையோடு வீட்டின் தரையையும் நினைத்துத்தான் வாங்க வேண்டும்.

இன்னொரு காரணம் பாதத்தின் அகலம். சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களின் பாதங்களை அளந்தது. ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட நம்முடையவை பொதுவாக அகலம் என்று அந்த ஆய்வு சொன்னது. இறக்குமதி ஷூவை நீளம் மட்டும் பார்த்து வாங்கினால் சுண்டுவிரல் நசுங்குவது இதனால்தான். அகல அளவு தரும் வகையைத் தேடுங்கள். எண்ணிலும் கவனம் தேவை: இந்தியக் கடைகள் பெரும்பாலும் பிரிட்டிஷ் அளவைப் பின்பற்றுகின்றன. பெண்களுக்கான அமெரிக்க எண் அதைவிட ஏறத்தாழ இரண்டு கூடுதல். இங்கே 5 என்றால் அங்கே 7.

ஊசி ஹீல், முன்பக்கமும் உயர்ந்த பிளாட்ஃபார்ம் ஹீல் இரண்டும் படங்களில் கண்ணைப் பறிக்கும். முதல் ஜோடியாக வேண்டாம். பிளாட்ஃபார்மில் பாதம் தரையை உணராது. கணுக்கால் மடங்கினால் விழும் உயரமும் அதிகம்.

இணையத்தில் வாங்க மனமில்லை என்றால் மைசூரு தேவராஜ அர்ஸ் சாலைக் கடைகளிலேயே தடித்த ஹீலும் கணுக்கால் வாரும் உள்ள செருப்பு கிடைக்கும். அதை மேசையில் வைத்து ஹீலைப் பக்கவாட்டில் தட்டிப் பாருங்கள், ஆடக்கூடாது. பிறகு இரு கையால் வளையுங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் வளையக்கூடாது. நடுவில் வளைந்தால் உள்ளே பாதத்தின் நடுவைத் தாங்கும் பட்டை சரியில்லை என்று பொருள். பின்வார் இல்லாத, காலில் செருகும் வகையைத் தொடவே வேண்டாம். பாதம் சற்றே வீங்கியிருக்கும் மாலை வேளையில், வகுப்புக்குப் போடப்போகும் ஸ்டாக்கிங்ஸை அணிந்தே போட்டுப் பாருங்கள். நைலானில் பாதம் முன்னே வழுக்கும் என்பதால் வழுக்காத உள்ளட்டையும் தேவைப்படலாம்.

நிகழ்ச்சியில் ஸ்டாக்கிங்ஸைக் கழற்றும் கட்டம் இருந்தால் ஷூவும் முதலில் கழல வேண்டும். துளையில் ஊசி மாட்டும் வார்ப்பூட்டு மேடையில் படுத்தும். கொக்கிபோல் மாட்டி விடுவிக்கும் பூட்டு உள்ள ஜோடியைக் கேட்டு வாங்குங்கள். ஹீலின் நுனி ரப்பர் தேய்ந்து உள்ளிருக்கும் ஆணி தெரியத் தொடங்கினால், பக்கத்துத் தெருவில் செருப்புத் தைப்பவரிடம் அன்றே கொடுத்து மாற்றிவிட வேண்டும். அந்த ஆணி வகுப்பின் மரத்தளத்தைக் கீறிவிடும், டைல்ஸில் ஆளையே வீழ்த்திவிடும்.