கட்டளை நிறைவேற்றலும் ஈடுசெய் நடவடிக்கையும்

மாணவர்களே, இணையக் கடையொன்றில் புத்தகமொன்றிற்குக் கட்டளையிடுகிறீர்கள் எனக் கொள்வோம். அது நிறைவேறும் படிகள் வருமாறு:

1. கட்டளையைப் பதிதல்
2. களஞ்சிய இருப்பில் ஒரு பிரதியை ஒதுக்குதல்
3. கொடுப்பனவைப் பெறுதல்
4. பொதிசெய்து அனுப்புதல்

பெரிய நிறுவனங்களில் இப்படிகளை வெவ்வேறு மென்பொருள்கள் செய்கின்றன. எதனை எப்போது தொடங்குவது எனத் தீர்மானித்து அவற்றை வழிநடத்துவது ஒருங்கிணைப்பு மென்பொருளாகும்.

4ஆம் படியில், உங்கள் முகவரிக்கு விநியோகம் இல்லை எனத் தெரியவந்தால்? பணமோ ஏற்கெனவே பெறப்பட்டுவிட்டது. எனவே முடிந்த படிகளுக்கான எதிர்ச் செயல்கள் பின்னிருந்து முன்னாகச் செய்யப்படும்:

• பணத்தைத் திருப்பியளித்தல்
• ஒதுக்கீட்டை நீக்குதல்
• கட்டளையை இரத்துச் செய்தல்

இவை ஈடுசெய் நடவடிக்கைகள் எனப்படும். கார்சியா மொலினா, சேலம் ஆகியோர் 1987 இல் 'சாகாஸ்' என்னும் ஆய்வுக் கட்டுரையில் இம்முறையை விளக்கினர்.

கவனிக்க: "கட்டளை இரத்தாகும்" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். வாடிக்கையாளரின் பணத்துக்கு என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள். இல்லையேல் விடை முழுமையடையாது.

பயிற்சி: 3ஆம் படியில் வங்கி அட்டை மறுக்கப்பட்டால் தேவையான எதிர்ச் செயல்கள் யாவை?

விடை: ஒதுக்கீட்டை நீக்குதல், கட்டளையை இரத்துச் செய்தல். பணம் பெறப்படாமையால் திருப்பியளிக்க வேண்டியதில்லை.