மெக்லாரின் கேட்டால் பத்து டெரிவேட்டிவ் எடுக்காதீர்கள்

தும்பாவோ வலியமலாவோ டெக்னோபார்க்கோ, எதைக் குறிவைத்து நாகர்கோவிலில் ரயில் ஏறினாலும் சரி, கணக்கு கேட்கும் இன்டர்வியூ போர்டு என்றால் மெக்லாரின் சீரிஸுக்குத் தயாராக இருங்கள். கேட் தேர்வின் இன்ஜினியரிங் மேத்ஸிலும் டெய்லர் சீரிஸ் உண்டு. அதில் பூஜ்ஜியத்தை மையமாக வைத்தால் இதுதான். ஃபார்முலா எல்லோருக்கும் தெரியும்: பூஜ்ஜியத்தில் டெரிவேட்டிவ் எடு, ஃபாக்டோரியலால் வகு, எக்ஸின் பவரால் பெருக்கு. அதை மட்டும் நம்பி வந்தவர் நான்காவது டெரிவேட்டிவில் பிளஸ் மைனஸைக் குழப்பிக்கொண்டு நிற்பார். அதற்குள் நீங்கள் முடித்திருக்க வேண்டும்.

1. ஐந்து சீரிஸ் விரல் நுனியில் இருக்கட்டும்: இ பவர் எக்ஸ், சைன், காஸ், லாக் 1 பிளஸ் எக்ஸ், 1 பை 1 மைனஸ் எக்ஸ். மற்றதை இவற்றிலிருந்து பிழிந்துவிடலாம்.

2. சப்ஸ்டிட்யூட் செய்யுங்கள். இ பவர் சைன் எக்ஸ் கேட்டால், இ-யின் சீரிஸுக்குள் சைன் சீரிஸைப் போடுங்கள். 1, எக்ஸ், எக்ஸ் ஸ்கொயர் பை 2 வரும். எக்ஸ் க்யூப் அடிபட்டுப் போகும். அடுத்தது மைனஸ் எக்ஸ் பவர் 4 பை 8. க்யூப் காணாமல் போவதை நீங்களே சுட்டிக்காட்டுங்கள். புரிந்து செய்கிறவர் என்ற இம்ப்ரெஷன் அங்கேதான் விழும்.

3. டான் இன்வர்ஸ் வந்தால் இன்டகிரேட் செய்யுங்கள். 1 பை 1 பிளஸ் எக்ஸ் ஸ்கொயரை விரித்து ஒவ்வொரு டெர்மையும் இன்டகிரேட் செய்தால் எக்ஸ், மைனஸ் எக்ஸ் க்யூப் பை 3, பிளஸ் எக்ஸ் பவர் 5 பை 5 என்று ஓடும். எக்ஸ் 1 என்றால் பை-யில் கால் பங்கு. கேரளத்தில் இந்த இடத்தில் சங்கமகிராம மாதவன் பெயர் வராமல் இருக்காது. 14ஆம் நூற்றாண்டுக்காரர், மெக்லாரின் புத்தகம் வந்தது 1742இல். ஆனால் பெருமை பேசி மார்க் வாங்க முடியாது, விவரம் வேண்டும். இந்த சீரிஸ் மாதவன் கைப்பட எழுதிய நூலில் நமக்குக் கிடைக்கவில்லை. பின்வந்தவர்கள் அவர் பெயரில் சொன்னது. நிரூபணம் படிப்படியாக இருப்பது ஜ்யேஷ்டதேவர் 1530 வாக்கில் மலையாள உரைநடையில் எழுதிய யுக்திபாஷையில். இவ்வளவு போதும், மேலே போனால் போர்டு கொட்டாவி விடும்.

4. எரர் பேசுங்கள். ஆட்களைப் பிரிக்கும் கேள்வி இதுதான். மேலே எக்ஸுக்கு 1 வைத்த சீரிஸ் ஆமை வேகம்: பத்து டெர்ம் கூட்டி நாலால் பெருக்கினால் பை 3.0418 என்றுதான் வரும். மாதவன் வழிவந்தவர்கள் கடைசியில் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். பத்து டெர்முக்குப் பின் 1 பை 40 கூட்டிப் பெருக்குங்கள், 3.1418. அதற்குப் பதில் 10 பை 401 கூட்டினால் 3.14159. இதை போர்டில் போட்டுக் காட்ட ஒரு நிமிடம் போதும். பக்கத்து கேண்டிடேட்டிடம் இது இருக்காது.

5. எழுதி முடித்ததும் இரண்டு செக். ஆட் ஃபங்ஷன் என்றால் ஒற்றைப்படை பவர் மட்டுமே இருக்க வேண்டும். எக்ஸ் எந்த எல்லைக்குள் சீரிஸ் செல்லும் என்பதை அவர்கள் கேட்கும் முன்பே எழுதுங்கள். டான் இன்வர்ஸுக்கு மைனஸ் 1 முதல் 1 வரை.