குட்டிக் கணினிக்குச் சொந்தப் பெட்டி

தைவானின் வியா நிறுவனம் 2001-இல் அறிமுகப்படுத்திய மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டு 17 செ.மீ. சதுரம்தான். அதற்கேற்ற எஸ்எஃப்எக்ஸ் பவர் சப்ளை 12.5 × 10 × 6.35 செ.மீ. இவற்றைச் சுற்றித் தாமே பெட்டி செய்ய நினைக்கும் தாம்பரம்வாசிகள் முதலில் தேடவேண்டியது தகடு அல்ல, பழைய அட்டைப்பெட்டி. அதில் முழு அளவில் மாதிரி செய்து பாகங்களை உள்ளே வைத்துப் பார்க்கவேண்டும். பலரும் மறப்பது கேபிள்களை! கிராபிக்ஸ் கார்டில் செருகும் வயர் வளைய இடமில்லையென்றால் மூடி மூடாது.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய ஏடிஎக்ஸ் கேபினெட் கிடைத்தால் விடவேண்டாம். மதர்போர்டைத் தாங்கும் தட்டையும் பின்பக்கத் திறப்பையும் ஒரே துண்டாக வெட்டி எடுத்துக்கொள்ளலாம். மினி ஐடிஎக்ஸின் நான்கு திருகுத் துளைகளும் அதில் அப்படியே பொருந்தும். மிக நுணுக்கமான வேலை அதோடு தீர்ந்தது. புதிய பாகங்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது.

மற்ற பக்கங்களுக்கு 1.5 அல்லது 2 மி.மீ. அலுமினியத் தகடு நல்லது. கடற்காற்று படும் புறநகரில் வெற்று இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். லேசர் கட்டிங் பட்டறைக்கு டிஎக்ஸ்எஃப் கோப்பாக வரைபடம் கொடுத்தால் துல்லியமாக வெட்டித் தருவார்கள்.

மே மாத வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. காற்று கீழிருந்து நுழைந்து மேலே வெளியேறட்டும். நுழையும் இடத்தில், கழற்றிக் கழுவக்கூடிய வலை அவசியம்.

பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. பவர் சப்ளையைத் திருகும் இடத்திலும் பக்கத் தகடுகள் இணையும் இடங்களிலும் அதைச் சுரண்டிவிட்டு, எர்த் உள்ள மூன்று முனை பிளக்கில் மட்டுமே இணைக்கவேண்டும்.