சேர்ந்து தேடுவோம், சேர்ந்து சரிபார்ப்போம்



இந்த மாதப் பாடம், போனில் தகவல் தேடுவது பற்றியது. "அதுதான் பிள்ளைங்க பார்த்துச் சொல்லுதே, எங்களுக்கு எதுக்கு?" என்று சில அக்காமார் கேட்கலாம். பிள்ளை பார்த்துச் சொல்வது ஒருத்தர் பார்த்த தகவல். நாம் படிக்கப் போவது, ஒரு குழுவே சேர்ந்து தேடி, பதிந்து, சரிபார்த்து, முடிவு எடுக்கிற முறை.

இதில் பாதி வேலை நமக்கு ஏற்கனவே தெரியும். பஞ்ச சூத்திரத்தில் ஐந்தாவது கணக்குப் பதிவு. பணம் வந்தால் யார் கொடுத்தது, எந்தத் தேதி, ரசீது எங்கே என்று கேட்கிறோம். ஒருத்தர் எழுத, இன்னொருத்தர் கூட்டிப் பார்க்கிறார். பிறகுதான் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து. போனில் வருகிற தகவலையும் பணத்தைப் போலவே நடத்த வேண்டும். ரசீது இல்லாத பணத்தை வரவு வைக்க மாட்டோம். எங்கிருந்து வந்தது என்று தெரியாத தகவலையும் வரவு வைக்கக் கூடாது.

புதுச்சேரிப் பெண்கள் காட்டிய வழி

1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. அப்போது நம்ம பக்கத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்தவர்களே குறைவு. மையம் திறப்பதற்கு முன்பே ஊர் மக்களிடம், "உங்களுக்கு என்ன தகவல் வேணும்?" என்று கேட்டார்கள். வில்லியனூரில் தலைமை மையம். அங்கே தகவலைத் திரட்டித் தமிழில் எழுதி, கிராம மையங்களுக்கு அனுப்பினார்கள். கிராம மையங்களில் தொண்டர்களாக இருந்தவர்களில் பெண்கள் நிறையப் பேர். உள்ளூர்த் தகவலைச் சேகரிப்பது அவர்கள் வேலை.

வீராம்பட்டினம் மீனவர் கிராமத்துக்குக் கடல் அலையின் உயரம் தெரிய வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அந்த விவரம் இருந்தது. அதை எடுத்து, தமிழில் மாற்றி, ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தகவல் போய்ச் சேர்ந்தது.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. நல்லவாடு கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் அப்போது சிங்கப்பூரில் இருந்தார். செய்தி கேட்டு ஊருக்குப் போன் செய்தார். இங்கே கடல் தண்ணீர் ஏறுவதை வீட்டார் கண்ணாலேயே பார்த்திருந்தார்கள். வெளியிலிருந்து வந்த செய்தியும் கண்ணால் பார்த்ததும் ஒத்துப்போயின. உடனே தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் இருந்த ஊர் உயிர் தப்பியது.

இதில் மூன்று பாடம் இருக்கிறது. முதலில் கேள்வியை முடிவு செய்ய வேண்டும். வெளித் தகவலையும் உள்ளூர் நிலவரத்தையும் ஒப்பிட வேண்டும். தெரிந்ததை எல்லாருக்கும் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும்.

நமக்கு ஒரு பயிற்சி: பயிர்க் காப்பீடு

குளத்தூர், விளாத்திகுளம், கோவில்பட்டிப் பக்கம் கரிசல் மானாவாரி. புரட்டாசியில் மழையைப் பார்த்து உளுந்து, பாசி, மக்காச்சோளம் போடுகிறோம். மழை பொய்த்தாலும் நஷ்டம், கொட்டினாலும் நஷ்டம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம்ம மாவட்டத்தில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். அந்த மாதிரி நேரத்தில் காப்பீடு கைகொடுக்கும். ஆனால் பெயர், சர்வே எண், பயிர் இதில் ஒன்று தப்பாக இருந்தாலும் பணம் தடைபடும். அதனால் இதையே பயிற்சிக்கு எடுத்துக்கொள்வோம்.

1. கேள்வியை எழுதுங்கள். "காப்பீடு பத்திப் பாரு" என்றால் ஒன்றும் கிடைக்காது. இப்படிப் பிரியுங்கள்: இந்த வருஷம் நம்ம வருவாய் கிராமத்துக்கோ குறுவட்டத்துக்கோ எந்தப் பயிர் அறிவிக்கப்பட்டிருக்கிறது? கடைசித் தேதி என்ன? ஏக்கருக்கு எவ்வளவு கட்ட வேண்டும்? சேதம் வந்தால் யாருக்கு, எத்தனை நேரத்துக்குள் சொல்ல வேண்டும்?

2. வேலையைப் பிரியுங்கள். ஒரு கேள்விக்கு இரண்டு பேர். ஒருத்தர் போனில் தேடட்டும். இன்னொருத்தர் வேளாண்மை அலுவலகத்திலோ இ-சேவை மையத்திலோ நேரில் கேட்கட்டும். இரண்டு பதிலும் ஒத்துப்போனால் எழுதுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் கேள்விக்குறி போடுங்கள்.

3. சரியான இடத்தில் தேடுங்கள். மத்திய, மாநில அரசுத் தளங்களின் முகவரி பெரும்பாலும் 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும். பயிர்க் காப்பீட்டுக்கு 'பிஎம்எஃப்பிஒய் டாட் ஜிஓவி டாட் இன்'. உதவி எண் 14447. எழுதக் கஷ்டமாக இருந்தால் மைக் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசினாலே தேடும். ஆனால் முதலில் வருகிறது எல்லாம் சரியானது கிடையாது. சில நேரம் மேலே வருவது விளம்பரமாக இருக்கும். முகவரியின் முடிவைப் பார்த்த பிறகு திறங்கள்.

4. தேதியைப் பாருங்கள். "கடைசித் தேதியை நீட்டிச்சிட்டாங்க" என்று வாட்ஸ்அப்பில் வரும். அது போன வருஷச் செய்தியா? வேறு மாவட்டத்துக்கா? கடைசித் தேதி பயிருக்குப் பயிர், மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். வருஷமும் மாவட்டமும் பயிரும் பார்க்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

5. ஒரே தாளில் பதியுங்கள். கூகுள் ஷீட் என்பது போனில் இருக்கிற கட்டம் போட்ட நோட்டு. அவரவர் வீட்டிலிருந்தே எல்லாரும் அதில் எழுதலாம். கட்டங்கள்: உறுப்பினர் பெயர், சர்வே எண், உட்பிரிவு, பயிர், விதைத்த தேதி, காப்பீடு கட்டிய தேதி, எழுதியவர், சரிபார்த்தவர். இரண்டு பேருக்கு மட்டும் திருத்தும் அனுமதி கொடுங்கள், மற்றவர்களுக்குப் பார்க்கும் அனுமதி போதும். அவரவர் கணக்கில் நுழைந்து எழுதினால், யார் எப்போது மாற்றினார் என்று பிறகும் பார்க்கலாம். லிங்க் வைத்திருக்கிற எல்லாரும் திருத்தலாம் என்று விட்டால், மாற்றினவர் பெயர் தெரியாமல் போகும். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் இதில் வேண்டவே வேண்டாம்.

6. போட்டோ எடுக்கும் முறை. இடமும் தேதியும் படத்திலேயே பதிகிற ஜிபிஎஸ் கேமராவில் எடுங்கள். ஒன்று கிட்ட இருந்து பயிர் தெரிகிற மாதிரி, ஒன்று தூரத்திலிருந்து கிணறோ வரப்போ மரமோ அடையாளம் தெரிகிற மாதிரி. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் மங்கும். 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்பினால் எடுத்தபடியே போகும்.

கணக்கும் விதியும்

ராபி பருவ உணவு தானியம், பயறு, எண்ணெய் வித்துக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 1.5 சதவீதம். காரீப் பருவத்துக்கு 2 சதவீதம். ஆண்டு வணிகப் பயிர், தோட்டக்கலைப் பயிருக்கு 5 சதவீதம். உதாரணமாக, காப்பீட்டுத் தொகை 20,000 ரூபாய் என்று வைத்தால் 1.5 சதவீதம் 300 ரூபாய். யாராவது அதற்கு மேல் கேட்டால், எதற்கு என்று கேட்டு ரசீது வாங்குங்கள்.

பொதுவாக இழப்பீடு ஒரு தனி வயலைப் பார்த்துக் கொடுப்பதில்லை. அறிவிக்கப்பட்ட பகுதியில் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்து, சராசரி மகசூல் எவ்வளவு குறைந்தது என்று கணக்கிடுகிறார்கள். அதனால்தான் ஒரே ஊரில் ஒருத்தர் வயல் அழிந்தும் பணம் வராமல் போகலாம். தண்ணீர் தேங்குவது போன்ற உள்ளூர் இடருக்கும், அறுத்துக் காயப்போட்ட பயிருக்கு வரும் சேதத்துக்கும், அந்த வருஷ அறிவிக்கையில் பாதுகாப்பு இருந்தால் தனியாக விண்ணப்பிக்கலாம். அதற்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். மூன்றே நாள்! அப்போது உட்கார்ந்து சர்வே எண் தேடிக்கொண்டு இருக்க முடியாது. முன்கூட்டியே தயாரான ஷீட்டும் போட்டோவும் அந்த நேரத்தில் உதவும்.

தரம் போடுவோம்

நம்ம குழுவுக்கு வங்கி தரம் போடுகிற மாதிரி, நாமும் ஒவ்வொரு தகவலுக்கும் தரம் போடுவோம். அரசுத் தளத்திலும் பார்த்து, அலுவலகத்திலும் கேட்டு, இரண்டும் ஒன்றானால் 'அ'. ஒரு இடத்தில் மட்டும் பார்த்தது 'ஆ'. யாரோ சொன்னது, ஃபார்வர்டு வந்தது 'இ'. 'அ' தரத் தகவலை வைத்து மட்டும் பணம் கட்டுங்கள், கையெழுத்துப் போடுங்கள். 'இ' தரத்தை அடுத்த வாரம் யார் விசாரிப்பது என்று தீர்மானம் எழுதுங்கள்.

போன் இல்லாத உறுப்பினரை விட்டுவிடக் கூடாது. கிராம மதிப்பீட்டில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போட்டது ஞாபகம் இருக்கிறதா? எந்தக் காட்டில் தண்ணீர் நிற்கும், எந்தக் காடு முதலில் வாடும் என்று சொன்னது மூத்த அம்மாமார்தான். அவர்கள் சொல்வதையும் ஷீட்டில் ஏற்றுங்கள். கூட்டத்தில் ஷீட்டை ஒருத்தர் சத்தமாக வாசிக்கட்டும். "என் பேருக்கு எதிரே உள்ளது சரிதான்" என்று அவரவர் சொன்ன பிறகு 'சரிபார்த்தவர்' கட்டத்தை நிரப்புங்கள்.

எச்சரிக்கை: ஓடிபி எண்ணை போனில் கேட்பவருக்குச் சொல்லாதீர்கள். "காப்பீட்டுப் பணம் வந்திருக்கு, இந்த லிங்கைத் தொடுங்க" என்று வந்தால் தொடாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேச வேண்டிய கேள்விகள்

1. போன மாதம் நம்பி ஏமாந்த ஃபார்வர்டு செய்தி எது? அதற்கு இப்போது என்ன தரம் போடுவீர்கள்?
2. நம்ம குழுவில் நிலம் யார் பெயரில் இருக்கிறது? குத்தகைக்குப் பயிர் வைப்பவர்கள் யார்? அவர்களுக்கு என்ன சான்று வேண்டும் என்று யார் கேட்டு வருவது?
3. தேடுபவர், எழுதுபவர், சரிபார்ப்பவர் என்று மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள். மூன்றும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொறுப்பை மாற்றுங்கள்.

விதைப்புக்கு முன்னால் ஷீட்டைத் தொடங்கிவிடுங்கள். உங்கள் குழு நிரப்பிய முதல் தாளை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். பக்கத்துக் குழுவோடு மாற்றிக்கொண்டு, ஒருவர் தாளை ஒருவர் சரிபார்ப்போம்.