தெற்கு யன்னலில் ஒரு மாரித் தோட்டம்

ஐப்பசி பிறந்து இரண்டு கிழமை மழை விழுந்தால் போதும், கிணற்றடிக் கற்பூரவள்ளி அடித்தண்டில் கறுத்து, இழுத்தால் வழுவழுவென்று கையோடு வந்துவிடும். வீட்டில் ஒரு பிள்ளைக்குத் தடிமன் பிடிப்பதும் அந்தக் கிழமைதான். வருசம் முழுக்க வளவில் கேட்பாரற்றுக் கிடந்த இலை, தேடும்போது இல்லை. அதனால் புரட்டாதிக் கடைசியிலேயே நாலைந்து சாடிகளை யன்னலுக்கு ஏற்றிவிடுவது என் வழக்கம்.

எந்த யன்னல் என்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. மாரியில் வாடைக்காற்று வடகிழக்கில் இருந்து சாரலையும் அள்ளிக்கொண்டு வரும். வெயில் இருப்பது மற்றப் பக்கம். மார்கழி 21, 22 அளவில் கிளிநொச்சியில் நின்று பார்த்தால் உச்சிப்பொழுதில்கூடச் சூரியன் தலைக்கு நேரே இல்லை. தெற்கே 33 பாகை அளவு சரிந்து நிற்கும். ஆகவே தெற்கு யன்னலுக்குச் சாரல் குறைவு, வெயில் கூட. அது இல்லாத வீட்டில் தெற்குப் பக்க விறாந்தைக் கட்டு, அதுவும் இல்லையென்றால் மேற்கு யன்னல். வடக்கு யன்னலில் வல்லாரையைத் தவிர எதையும் வைக்காதீர்கள். 2022 மார்கழியில் மண்டோஸ் புயல் தமிழ்நாட்டுக் கரைக்குப் போகிற வழியில் இங்கே வீசிய குளிர்காற்றில், வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆடு மாடுகள் விறைத்துச் செத்தன. அந்தக் காற்றில் என் வடக்கு யன்னல் துளசி இலை முழுவதையும் கொட்டி ஈர்க்காய் நின்றது. தெற்கே இருந்த கற்பூரவள்ளி அசையவில்லை.

சாடி வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம். இரண்டு லீற்றர் ஐஸ்கிரீம் பெட்டி போதும். ஆணியைச் சுடவைத்து அடியில் ஆறு துளை போட்டு, மண் ஒழுகாமல் மேலே ஓட்டுத்துண்டுகளைப் பரப்புங்கள். துளசி விதை முளைக்கவைக்கச் சிரட்டை நல்லது. மூன்று கண்ணில் மெதுவான கண்ணைக் குத்தித் திறந்தால் தண்ணீர் வடிய வழி ஆயிற்று.

வளவு மண்ணை அப்படியே அள்ளிப் போடக்கூடாது. எங்கள் செங்கபில மண் நனைந்தால் களி, காய்ந்தால் கல். இரண்டு பங்கு மேல்மண், ஒரு பங்கு நன்றாக உக்கிய மாட்டெரு, ஒரு பங்கு கருக்கிய உமி என்று கலவுங்கள். உமிக்கு இங்கே பஞ்சமில்லை. நெல் ஆலைப் பக்கம் மலையாய்க் கிடக்கும். தகரத்தில் போட்டுக் கருக்கி, கறுப்பாய் இருக்கும்போதே தண்ணீர் தெளித்து அணைக்க வேண்டும். வெள்ளைச் சாம்பலாகிவிட்டால் மண்ணைப் பொலபொலவென்று வைத்திருக்கும் குணம் போய்விடும். முல்லைத்தீவுக் கரையோர மணல் என்றால் எருவை இரட்டிப்பாக்குங்கள்.

இனி நடுகை. கற்பூரவள்ளியில் நாலு அங்குலத் தண்டை முறித்து, கீழ் இலைகளைக் கிள்ளி, அரைநாள் நிழலில் வாடவிட்டு ஊன்றுங்கள். முறித்த வாய் காயாமல் ஊன்றினால் அழுகும். புதினாவுக்குச் சந்தையில் வாங்கிய கட்டே போதும். சம்பலுக்கு இலையை ஆய்ந்தபின் மிஞ்சும் தண்டுகளைக் கணுவுக்குக் கீழே வெட்டி, ஒரு கிளாஸ் தண்ணீரில் நிறுத்தி, இரண்டு நாளுக்கொருமுறை தண்ணீரை மாற்றுங்கள். ஒரு கிழமை, பத்து நாளில் கணுவில் வெள்ளை வேர் நூல் நூலாய்த் தெரியும். பிறகு மண்ணுக்கு மாற்றலாம்.

எனக்குப் பிடித்தது கொத்தமல்லி. கோடையில் இரண்டு இலை விட்டவுடனே பூத்துத் தொலைக்கும் செடி, மார்கழிக் குளிரில்தான் குடும்பம் நடத்தும். கறிக்கு வாங்கிய மல்லியிலேயே ஒரு பிடி எடுத்து, போத்தலை உருட்டி இரண்டாய்ப் பிளக்கவையுங்கள். ஒவ்வொரு மணிக்குள்ளும் இரண்டு விதை உண்டு. ஒரு இரவு ஊறவைத்து, சாடியிலேயே நேராகத் தூவி அரை அங்குல மண் மூடுங்கள். பிடுங்கி நட்டால் இதன் ஆணிவேர் பொறுக்காது. முளைக்கப் பத்து நாளாவது செல்லும். மூன்றாம் நாளே மண்ணைக் கிளறிப் பார்க்கிற ஆட்கள் எங்கள் வீட்டிலும் இருக்கிறார்கள். நாற்பது நாள் அளவில் வெளிப்பக்க இலைகளைக் கிள்ளத் தொடங்கலாம்.

வல்லாரைக்கு ஆழம் வேண்டாம், அகலம் வேண்டும். உடைந்த பேசினில் ஓடிப் படரும். தூதுவளையும் முடக்கொத்தானும் வேலியிலேயே இருக்கட்டும். யன்னலில் விட்டால் கம்பியைச் சுற்றிக்கொண்டு கதவைச் சாத்தவிடாது.

மாரியில் யன்னல் செடி சாவது பெரும்பாலும் ஊற்றிய தண்ணீரால்தான். விரலை இரண்டாம் கணு மட்டும் மண்ணுக்குள் விடுங்கள், ஈரம் பட்டால் செம்பைக் கீழே வையுங்கள். சில கிணறுகளின் தண்ணீர் சாடி மண்ணின்மேல் வெள்ளையாய் உப்புப் படியவைக்கும். அங்கெல்லாம் பீலித் தண்ணீரை மூடிய வாளியில் பிடித்து ஊற்றலாம். சாடிக்குக் கீழே தட்டு வைத்தால் அதை மணலால் நிரப்புங்கள். ஒருமுறை டெங்குப் பரிசோதனைக்கு வந்தவர் என் புதினாச் சாடியைத் தூக்கிக் காட்டினார்: தட்டில் குடம்பிகள் நெளிந்தன. வழக்குப் போடாமல் போனது அவருடைய பெருந்தன்மை. முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் காணும்.

அழுக்கணவன் பிடித்தால் சவர்க்காரத் தண்ணீரால் இலையின் கீழ்ப்பக்கத்தைக் கழுவி, பிறகு நல்ல தண்ணீர் விடுங்கள். கோழிக்கு மருந்தில்லை, யன்னல் கட்டு உயரமாய் இருக்க வேண்டும், அல்லது கம்பி வலை.

தை முடிந்து மாசிப் பனியும் குறையும்போது வெயில் மெல்ல யன்னலை விட்டு நகரும். கற்பூரவள்ளியைக் கிணற்றடிக்குத் திருப்பி இறக்கும் காலம் அது. கொத்தமல்லியில் இரண்டு செடியை மட்டும் பூக்கவிட்டு, காய் பழுப்பானதும் கடதாசிப் பையில் கட்டி அடுப்படியில் தொங்கவிடுங்கள்.