விசை படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு

பத்தாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடமே இயக்க விதிகள். புத்தகம் கைக்கு வந்த வாரத்திலேயே சூத்திரங்களைக் கண்டு மிரண்டு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிற தீர்த்தமலைப் பிள்ளைகளுக்கு நான் சொல்பவை இவை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் கரும்பலகையில் சூத்திரத்தை எழுதிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவேன். அதனால் எத்தனை பிள்ளைகள் இயற்பியலை வெறுத்தார்களோ என்ற வருத்தம் இன்னும் எனக்கு உண்டு.

1. முதலில் மலை ஏறிவிட்டு வா, கண்ணு. தீர்த்தகிரீஸ்வரர் கோயில் படியில் மூச்சு வாங்குகிறதே, பாடம் அங்கேதான் ஆரம்பம். உன் நிறை 50 கிலோ என்று வை. செங்குத்தாக 100 மீட்டர் உயர்ந்திருந்தால், புவியீர்ப்பை எதிர்த்து நீ செய்த வேலை 50 × 9.8 × 100, அதாவது 49,000 ஜூல். பாதை எவ்வளவு வளைந்தாலும் இந்தக் கணக்கில் உயரம் மட்டுமே சேரும். சாய்வான பாதையில் விசை குறையும், நடக்கும் தூரம் கூடும். வீட்டு மீட்டரில் ஒரு யூனிட் என்பது 36,00,000 ஜூல். அதற்கு ஈடுகட்ட அந்த 100 மீட்டரை நீ 73 தடவைக்கு மேல் ஏற வேண்டும்.

2. ‘வேலை’ என்ற சொல்லிடம் எச்சரிக்கையாக இரு. தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றால் குடத்தின் மேல் நீ செய்த வேலை பூஜ்யம். “அப்புறம் ஏன் ஐயா கை வலிக்குது?” என்று ஒரு பெண் கேட்டாள். சரியான கேள்வி. உள்ளே தசைநார்கள் ஓயாமல் சுருங்கித் தளர்கின்றன, சாப்பிட்ட சாப்பாடு வெப்பமாகக் கழிகிறது. குடம் உயரவில்லை, ஆனால் உடம்பு செலவழித்திருக்கிறது.

3. தள்ளினால்தான் பொருள் ஓடும், தள்ளுவதை விட்டால் தானே நின்றுவிடும் என்று நம்பாதே. பல நூற்றாண்டுகள் பெரிய அறிஞர்களே அப்படித்தான் நம்பினார்கள். ஓடுகிற பொருளை நிறுத்தத்தான் விசை வேண்டும். நம் கண்ணுக்குப் படாமல் அதை நிறுத்துவது உராய்வு. கலிலியோ இதைக் கண்டார், 1687இல் நியூட்டன் விதியாக எழுதினார். நம் ஊரில் புளியங்கிளையை உலுக்கும்போது பார்: கிளை நகர்ந்துவிடும், பழம் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும், காம்பு அறும். அரூர் பஸ் பிரேக் போட்டால் நீ முன்னால் சாய்வதும் இதே நிலைமம்தான்.

4. நிறையும் எடையும் ஒன்றல்ல. 2023இல் நிலவில் இறங்கிய சந்திரயான்-3இன் பிரக்யான் ஊர்தியின் நிறை 26 கிலோ. இங்கே அதன் எடை சுமார் 255 நியூட்டன், அங்கே சுமார் 42. நிறை மட்டும் இரண்டு இடத்திலும் அதே 26 கிலோ.

5. வண்டியை மாடு இழுக்கிற அளவுக்கு வண்டியும் மாட்டைப் பின்னால் இழுக்கிறது. பிறகு எப்படி நகர்கிறது? மாட்டின் காலடியைப் பார். குளம்பு மண்ணைப் பின்னுக்குத் தள்ள, மண் மாட்டை முன்னுக்குத் தள்ளுகிறது. வினையும் எதிர்வினையும் ஒரே பொருளின் மேல் விழுவதில்லை. இதை மறந்தவர்கள்தான் மூன்றாம் விதியில் மதிப்பெண் இழக்கிறார்கள்.

6. உங்கள் தாத்தாவிடம் கவலை ஓட்டியதைக் கேள். மோட்டார் வருவதற்கு முன் கிணற்றுத் தண்ணீர் அப்படித்தான் வயலுக்கு ஏறியது. கிணற்றிலிருந்து விலகிக் கீழ்நோக்கிச் சரியும் தடத்தில் மாடுகள் இறங்கும். வடக்கயிறு கப்பி வழியாகச் சால் என்கிற தண்ணீர்க் கலத்தை மேலே தூக்கும். ஏன் சரிவு? மாடு ஒன்று 300 கிலோ என்றால் இரண்டும் 600. தடத்தில் 5 அடி நடந்தால் 1 அடி இறங்கும் சரிவில், அவற்றின் எடையே 120 கிலோவைத் தூக்குகிற அளவு இழுப்பைத் தந்துவிடும். மாடு தன் காலால் தர வேண்டியது மிச்சம்தான். ஆனால் சால் கவிழ்ந்ததும் மாடுகள் பின்னோக்கி ஏறியாக வேண்டும். இறங்கும்போது கிடைத்ததை அங்கே திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. ஆற்றலில் ஒரு ஜூல்கூட மிச்சமில்லை, எல்லாம் தீவனத்திலிருந்து வந்ததுதான். லாபம் வேறு இடத்தில் இருக்கிறது: பாரம் தொங்கும்போது படவேண்டிய சிரமத்தின் ஒரு பகுதியை, பாரமில்லாத நேரத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஜூல் என்ற சொல்லைக் கேட்டிராதவர்கள் செய்த வேலை இது. எனக்கு அவர்கள் மேல் அளவற்ற மரியாதை.

7. இராமர் தீர்த்தத்தில் தலை நனைப்பதற்கு முன் கொஞ்சம் விலகி நின்று பார். பாறையிலிருந்து விழும் தண்ணீர் கீழே வர வர மெலிந்து துளிகளாக அறுபடும், வேகம் கூடுவதால். காற்றுத்தடையை விட்டுவிட்டால், விழும் பொருள் முதல் வினாடியில் 4.9 மீட்டர், அடுத்த வினாடியில் 14.7 மீட்டர் இறங்கும். தரையில் மோதியதும் அந்த வேகம் எங்கே போகிறது? வெப்பமாகிறது. 10 மீட்டர் விழுந்த தண்ணீர் சுமார் 0.02 டிகிரி சூடேறும். கையால் உணர முடியாது. 1840களில் இங்கிலாந்தில் ஒருவர், எடைக்கற்களை இறங்கவிட்டு, அவை சுழற்றிய துடுப்பால் தண்ணீரைக் கலக்கி, இப்படிப்பட்ட நுண்ணிய சூட்டைப் பொறுமையாக அளந்தார். அவர் பெயர் ஜேம்ஸ் ஜூல். படி ஏறிவந்து நீ எழுதினாயே 49,000, அதன் பக்கத்தில் இருப்பது அவர் பெயர்தான்.