குடிக்கக் கொடுத்த காசு

கேள்வி: நுங்கம்பாக்கத்தில் பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறேன். டிப்ஸுக்கு அவர்கள் மொழியில் ‘பூர்புவார்’ என்று சொல்லித் தந்தார்கள். ‘குடிப்பதற்கு’ என்று பொருளாம். ஏன் இப்படி ஒரு பெயர்? நம்மிடம் இதற்கு என்ன சொல் இருக்கிறது?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: பேச்சுவழக்கில் சொன்னது அப்படியே பெயராக நின்றுவிட்டது, அம்மா. கூலி போக, ‘போய் ஒரு வாய் குடித்துக்கொள்’ என்று கையில் வைத்த சில்லறைதான் பூர்புவார். ஜெர்மன்காரர்கள் இதை ‘டிரிங்க்கெல்ட்’ என்கிறார்கள். குடிகாசு என்று அர்த்தம். ரஷ்யர்களுக்கு ‘நா சாய்’, அதாவது தேநீருக்கு. தி.நகரில் பீரோவை மூன்றாம் மாடிக்கு ஏற்றிவிட்டு, “டீ காபிக்கு ஏதாவது பாத்துக் குடுங்க சார்” என்று கேட்கிறார்களே, அவர்கள் கேட்பதும் பூர்புவார்தான். இதை யாரும் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. உழைத்தவருக்குத் தாகம் எடுக்கும். அதைச் சொல்லிக் கேட்டால் கேட்பவருக்கும் கூச்சமில்லை, கொடுப்பவரும் தருமம் செய்ததாக நினைத்துக்கொள்ள முடியாது.

நம்மிடம் உள்ள சொல் இனாம். அரபியிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் ஆட்சியாளர்கள் வரியைத் தள்ளியோ குறைத்தோ கொடுத்த நிலத்துக்கே இனாம் என்று பெயர். திருச்சியை அடுத்த இனாம்குளத்தூரின் பெயரில் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது. சிறு இனாம்களை ஒழிக்கச் சென்னை மாநிலத்தில் 1963-இல் சட்டமே வந்தது. நிலம் போய்விட்டது, தீபாவளிக்குத் தபால்காரருக்கும் வாட்ச்மேனுக்கும் தரும் இனாம் தங்கிவிட்டது.

பிரெஞ்சில் இன்னொரு சொல்லையும் கேட்டுப் பாருங்கள்: ‘போ-த-வேன்’, ஒரு குடுவை ஒயின். தொடக்கத்தில் அதுவும் இப்படிக் கொடுத்த காசுதான். இன்று அதற்கு ஒரே பொருள், லஞ்சம். நம் மாமூலும் அதே வழியில் கெட்டது. அரபியில் அது வெறுமனே ‘வழக்கமானது’. வேலை முடிந்தபின் மனமுவந்து கொடுத்தால் இனாம். கொடுத்தால்தான் வேலை நடக்கும் என்றால், எந்தப் பானத்தின் பெயரைச் சொன்னாலும் அது லஞ்சம்தான்.

பிரான்சில் 1987 முதல் ஹோட்டல் விலைப்பட்டியலில் சேவைக் கட்டணம் சேர்ந்தே இருக்க வேண்டும். அதற்குமேல் கொடுப்பது அவரவர் விருப்பம். இங்கே பில்லில் தானாக ஏறும் சர்வீஸ் சார்ஜ் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. உங்கள் பில்லில் அது இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். கொடுக்க நினைப்பதைப் பரிமாறியவர் கையிலேயே கொடுங்கள்.